பிஎஸ்6 லாரியில் யூரியா சிஸ்டத்தை பாக்ஸ் மாட்டி முடக்கலாமா? புகையே வராத வண்டிக்கு எதற்கு இத்தனை கெடுபிடி?

மூணுவண்டி (கேள்வி)

வணக்கம். எனக்கு மூன்று லாரி ஓடுகிறது. இரண்டு பிஎஸ்4, ஒன்று பிஎஸ்6 (பாரத் ஸ்டேஜ் மாசு விதி, எண் கூடக்கூட வரம்பு இறுகும்). பழையது இரண்டும் ஏற்றத்தில் கரும்புகை கக்கும், ஆனால் போன வேலையை முடித்துவிட்டு வரும். தொல்லை எல்லாம் புதியதால்தான்.

லோடோடு மலைப்பாதை ஏறும்போது மீட்டரில் விளக்கு எரிந்திருக்கிறது. டிரைவர் கண்டுகொள்ளவில்லை. கொஞ்ச நேரத்தில் பவர் இறங்கி, ஊர்ந்து ஊர்ந்துதான் மேலே போய்ச் சேர்ந்திருக்கிறது. சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் மாட்டிப் பார்த்து "நாக்ஸ் கூடுதலாக வருகிறது" என்றார்கள், எரரை அழித்து அனுப்பினார்கள். சில நாளில் அதே விளக்கு. இப்போது நாக்ஸ் சென்சார் இரண்டையும் மாற்றணும் என்கிறார்கள். விலையைக் கேட்டதும் எனக்கே பவர் இறங்கிவிட்டது.

இதற்கிடையில் தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவர், "அண்ணே, ஒரு சின்ன பாக்ஸ் மாட்டினால் போதும். யூரியாவும் ஊற்ற வேண்டாம், சென்சாரும் மாற்ற வேண்டாம், விளக்கும் வராது" என்கிறார். நிறைய வண்டிக்குப் போட்டிருக்கிறாராம்.

சைலன்சர் முனையில் விரலை விட்டுத் துடைத்துப் பார்த்தேன், கரியே ஒட்டவில்லை. புகைச் சோதனையில் ஜம்மென்று பாஸ் ஆகிறது. புகை வராத வண்டியை மாசு என்று சொல்லி முடக்குவதும், புகை கக்குகிற வண்டியைக் கேட்காமல் விடுவதும் என்ன கணக்கு? பாக்ஸ் மாட்டினால் உண்மையில் என்ன கெட்டுப்போகும்? சட்டம் இப்படிச் சொல்கிறது என்று மட்டும் சொல்லி முடிக்காமல், விஷயம் தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

நாசில்காரர்

தம்பி, பாக்ஸ் வேண்டாம். சட்டத்தை இரண்டு வரியில் முடித்துவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாமல் வண்டியில் மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். மாசு விதி மீறலுக்குத் தனியாக 10,000 ரூபாய் வரை உண்டு. மாட்டிக்கொள்வது உங்கள் எலக்ட்ரீஷியன் இல்லை, நீங்கள்.

இனி நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். டீசல் பம்ப், இஞ்செக்டர் வேலையிலேயே தலை நரைத்தவன் நான். உங்களைப் போல் விரல் விட்டுப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் தினமும் உண்டு. கறுப்பாகக் கண்ணுக்குத் தெரிவது கரித்தூள், அதாவது சரியாக எரியாத டீசல். உங்கள் வண்டி மக்கர் செய்வது அதற்காக இல்லை. நாக்ஸுக்காக, அதாவது நைட்ரஜன் ஆக்சைடுகளுக்காக. சைலன்சரிலிருந்து வரும்போது இந்த வாயு கண்ணில் படாது. காற்றில் கலந்த பிறகு வெயிலோடு சேர்ந்து ஓசோனாகிறது, அம்மோனியாவோடு சேர்ந்து நுண்துகளாகிறது. நெஞ்சுக்குள் போவது அதுதான்.

இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி. சிலிண்டருக்குள் சூடு அதிகமாக, நன்றாக எரிந்தால் கரி குறையும், மைலேஜ் கூடும். ஆனால் அந்தச் சூட்டில் காற்றிலிருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நாக்ஸ் கூடிவிடும். சூட்டைக் குறைத்தால் நாக்ஸ் குறையும், கரி கூடும், டீசலும் கூடுதலாகக் குடிக்கும். பழைய காலத்தில் டீசல் பீய்ச்சும் டைமிங்கை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகர்த்தி ஏதாவது ஒன்றைத்தான் பிடிக்க முடியும். பிஎஸ்6 இரண்டையும் ஒரே சமயத்தில் பிடி என்றது. எஞ்சினுக்குள் மட்டும் அதைச் செய்து முடிக்க முடியாது என்பதால்தான், சைலன்சர் இருந்த இடத்தில் ஒரு சின்ன ரசாயனத் தொழிற்சாலையே வந்து உட்கார்ந்திருக்கிறது.

எண்ணைப் பாருங்கள். கனரக எஞ்சினுக்கு பிஎஸ்3-ல் நாக்ஸ் வரம்பு ஒரு கிலோவாட்-மணிக்கு 5 கிராம். பிஎஸ்4-ல் 3.5. பிஎஸ்6-ல் நிலையான ஓட்டச் சோதனையில் 0.40, ஏறி இறங்கும் ஓட்டச் சோதனையில் 0.46. எட்டில் ஒரு பங்குக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது. கரித்தூளுக்கு எடை வரம்பு பாதியாகத்தான் குறைந்தது, 0.02-லிருந்து 0.01 கிராம். ஆனால் எடையோடு நிற்காமல் துகள்களை எண்ணவும் ஆரம்பித்தார்கள். அதுதான் சூட்சுமம். மிகப் பொடியான துகள் எடையில் தேறாது, எண்ணிக்கையில் தப்பாது. கரித்தூளைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டர் இல்லாமல் அந்த எண்ணிக்கையைத் தொடுவது நடக்காத காரியம். உங்கள் விரலில் கரி ஒட்டாததற்கு அந்த ஃபில்டர்தான் காரணம். நாக்ஸை அது தொடக்கூடச் செய்யாது.

நாக்ஸைப் பிடிப்பது அதற்கடுத்து இருக்கிற எஸ்சிஆர். நீங்கள் யூரியா என்று ஊற்றுவது 32.5 சதவீத யூரியாவும் மீதி சுத்தமான தண்ணீரும். சூடான புகையில் அதைப் பீய்ச்சினால் அம்மோனியாவாக மாறும். அந்த அம்மோனியா வினையூக்கியின் மேல் நாக்ஸோடு சேர்ந்து, வெறும் நைட்ரஜனும் தண்ணீருமாக வெளியே போகும். வேலை அவ்வளவுதான், ஆனால் அழகான வேலை.

இப்போது பாக்ஸ் என்ன செய்யும் என்று பாருங்கள். பீய்ச்சுவதை நிறுத்திவிட்டு, எல்லாம் சரியாக இருப்பதாக ஈசிஎம்முக்கு, அதாவது எஞ்சின் கம்ப்யூட்டருக்கு, பொய் சிக்னல் அனுப்பும். எஞ்சினோ, பின்னால் எஸ்சிஆர் பார்த்துக்கொள்ளும் என்ற தைரியத்தில் சூடாக எரியும்படி டியூன் செய்யப்பட்டது. மைலேஜுக்காக அப்படிச் செய்வார்கள். பின்னால் பிடிக்க ஆள் இல்லையென்றால் அத்தனை நாக்ஸும் அப்படியே வெளியே. புகை கக்குகிற உங்கள் பிஎஸ்4 வண்டிகளை விட, பாக்ஸ் மாட்டிய இந்தச் சுத்தமான பிஎஸ்6 வண்டி நாக்ஸ் விஷயத்தில் மோசமாகிவிட வாய்ப்பு உண்டு. விரல் வைத்துப் பார்த்தால் அப்போதும் கரி ஒட்டாது!

பவர் இறக்குவது எதற்கு என்று கேட்டீர்கள். அது கோளாறு இல்லை, வேண்டுமென்றே வைத்தது. யூரியா டாங்க் காலியாகிவிட்டாலோ, தண்ணீர் ஊற்றினாலோ, டோசிங் (யூரியா பீய்ச்சல்) நின்றாலோ முதலில் விளக்கு. கண்டுகொள்ளாவிட்டால் டார்க், அதாவது எஞ்சினின் இழுவிசை, 25 சதவீதம் குறையும். அதற்கும் மசியவில்லை என்றால் 20 கிலோமீட்டர் வேகத்தில் கட்டிப்போடும். இந்தக் கடைசிக் கட்டம் நடுரோட்டில் திடீரென்று வராது. வண்டியை அணைத்து மறுபடி கிளப்பும்போதோ, டீசல் போட்டபின்போ, வெகுநேரம் நிறுத்தி வைத்த பிறகோதான் வரும். ஐரோப்பாவின் யூரோ 6 விதியில் எழுதி வைத்த ஏற்பாடு அது, நம் பிஎஸ்6 அதை ஒட்டியே வந்தது. யூரியா ஊற்றாவிட்டால் எஞ்சின் ஓட்டத்தில் ஒரு குறையும் தெரியாது என்பதால், இப்படி ஒரு மூக்கணாங்கயிறு இல்லையென்றால் யார் காசு கொடுத்து ஊற்றுவார்கள்?

சரி, உங்கள் வண்டிக்கு வருவோம். சென்சார் இரண்டையும் மாற்று என்பது எனக்கு அவசரமாகப் படுகிறது. முதலில் இதைப் பாருங்கள்.

டாங்கிலிருந்து சில சொட்டு யூரியா எடுத்து ரிஃப்ராக்டோமீட்டரில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கையடக்கக் கருவிதான், பெரிய பட்டறைகளில் இருக்கும். 32.5 காட்டவேண்டும். 28, 29 என்று காட்டினால் யாரோ தண்ணீர் கலந்திருக்கிறார்கள். டிரைவரைத் திட்டும்முன் கேன் வாங்கிய இடத்தை விசாரியுங்கள்.

அடுத்து டோசிங் நாசிலைக் கழற்றிப் பாருங்கள். உப்புப் படிந்த குழாய் வாய் போல வெள்ளையாகக் கெட்டித்துப் போய் இருந்தால் பாதிப் பிரச்சினை அங்கேதான். புகை போதிய சூடாக இல்லாத நேரத்தில் பீய்ச்சிய யூரியா முழுதாக அம்மோனியாவாக மாறாமல் படிகமாக உட்கார்ந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்தால் பெரும்பாலும் கரையும். ஸ்க்ரூ டிரைவரால் குத்திச் சுரண்டாதீர்கள், துளை பாழாகிவிடும். நாசிலுக்குப் பின்னால் இருக்கும் குழாயையும் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே வெள்ளைக் கட்டி தொங்கிக்கொண்டிருந்தால் அது பீய்ச்சலைத் தடுத்து, மேலும் மேலும் கட்டும்.

மூன்றாவது, எஸ்சிஆருக்குப் பின்னால் இருக்கிற பின் சென்சார் நாக்ஸ் கூடுதல் என்று காட்டினால் அது நாக்ஸாகவே இருக்கவேண்டும் என்று இல்லை. அந்த சென்சாருக்கு அம்மோனியாவும் நாக்ஸும் ஒன்றுபோலத்தான் தெரியும். யூரியா அளவுக்கு மீறிப் போனாலும் இதே எரர் வரும். ஸ்கேனரில் முன் சென்சார், பின் சென்சார், டோசிங் அளவு மூன்றையும் ஓடும்போது சேர்த்துப் பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும். எரர் கோடைப் படித்துவிட்டு அது சொல்லும் பார்ட்டை மாற்றுவதற்கு மெக்கானிக் எதற்கு, கடைப் பையனே போதுமே.

கடைசியாக ஒன்று, கோபிக்காமல் சொல்லுங்கள். வயலுக்குப் போடுகிற யூரியாவைத் தண்ணீரில் கரைத்து யாராவது ஊற்றினார்களா? மானிய விலை யூரியாவை வேறு வேலைக்குத் திருப்பக்கூடாது என்றுதான் 2015 முதல் உரம் முழுக்க வேப்பெண்ணெய் பூசி வருகிறது. அந்த எண்ணெயும், அதிலிருக்கும் மற்ற அழுக்கும் வினையூக்கிக்குள் போனால் சென்சார் விலை உங்களுக்குச் சில்லறையாகத் தெரியும்.

பர்மிட்ராஜா

நாசில்காரர் அண்ணன் சொன்ன டெக்னிக்கல் எல்லாம் சரி. ஆனால் மூணுவண்டி கேட்ட இன்னொரு கேள்விக்குப் பதில் வரவில்லையே. பழைய வண்டியை ஏன் விட்டுவிட்டார்கள்?

நான் லாரி வாங்கி விற்கிறவன். 2017 மார்ச் 29 எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஏப்ரல் 1 முதல் பிஎஸ்3 விற்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன நாள். நாடு முழுக்க எட்டு லட்சத்துக்கு மேல் வண்டி விற்காமல் நின்றது. இருசக்கர வண்டிதான் அதில் பெரும்பங்கு, லாரி பஸ்ஸும் கணிசம். கடைசி இரண்டு நாளில் தள்ளுபடி போட்டுக் கூவிக்கூவி விற்றார்கள். அப்படி விற்ற பிஎஸ்3 லாரி ஒவ்வொன்றும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். தடை விற்பனைக்குத்தான், ஓட்டத்துக்கு இல்லை. 2020-ல் பிஎஸ்5-ஐத் தாண்டிக் குதித்து பிஎஸ்6-க்குப் போனோம், உலகமே ஆச்சரியப்பட்டது என்று பெருமை பேசினார்கள். குதித்தது புதிய வண்டி வாங்கினவன் மட்டும்தான். பழையது அப்படியே இருந்த இடத்தில்தான் இருக்கிறது.

15 வருடம் ஆன அரசு வண்டிகளின் பதிவு 2023 ஏப்ரல் 1-லிருந்து புதுப்பிக்கப்படுவதில்லை. அது நல்லது. தனியாருக்கு? எஃப்சி (தகுதிச் சான்று) பாஸ் ஆனால் ஓடலாம். எஃப்சி எப்படிப் பாஸ் ஆகும் என்று இந்த இடத்தில் இருக்கிற யாருக்கும் நான் சொல்லித்தரவேண்டியதில்லை.

ஒழுங்காகக் கடன் வாங்கி, புதிய வண்டி எடுத்து, யூரியாவும் ஊற்றுகிறவனைத்தான் கம்ப்யூட்டர் கழுத்தைப் பிடிக்கிறது. நான் பாக்ஸை நியாயப்படுத்தவில்லை. ஆனால் மாட்டுகிறவன் ஏன் மாட்டுகிறான் என்பதும் விதி எழுதுகிறவர்களுக்குத் தெரியணும்.

டெப்போ ஷிஃப்ட்

பஸ் பக்கத்திலிருந்து ஒரு விஷயம். டெப்போ பணிமனையில் வேலை.

லாரி நெடுஞ்சாலையில் லோடோடு ஓடுவதால் புகை நன்றாகச் சூடாக இருக்கும். டவுன் பஸ் அப்படி இல்லை. ஸ்டாப்புக்கு ஸ்டாப் நிற்கும், சிக்னலில் நிற்கும், டிராஃபிக்கில் ஐடிலிங்கிலேயே கிடக்கும். சைலன்சர் சூடே ஏறாது. 200 டிகிரிக்கு அருகில் போனால்தான் எஸ்சிஆர் ஒழுங்காக வேலை செய்யும். அதற்குக் கீழே யூரியா பீய்ச்சவே சிஸ்டம் தயங்கும், பீய்ச்சினாலும் மேலே அண்ணன் சொன்ன வெள்ளைக் கட்டிதான். ஆக ஜனங்கள் முகத்துக்கு நேராகப் புகை விடுகிற வண்டியில்தான் இந்தச் சிஸ்டம் குறைவாக வேலை செய்கிறது.

டிபிஎஃப்பும் அப்படித்தான். சேர்ந்த கரியை எரித்துத் தள்ள 600 டிகிரி வரை சூடேற்றவேண்டும், அதுதான் ரீஜென். பாதி ரீஜென் ஓடும்போது டிரைவர் டூட்டி முடிந்தது என்று எஞ்சினை அணைத்துவிட்டுப் போவார். மறுநாள் அடுத்தவர் வந்து எடுப்பார், அவரும் பாதியில் அணைப்பார். ஃபில்டர் அடைத்து வண்டி டெப்போவுக்கு வரும்போது "புதிய வண்டியே இப்படித்தான் சார்" என்பார்கள். ரீஜென் விளக்கு என்றால் என்ன, அப்போது என்ன செய்யணும் என்று டிரைவர்களை உட்காரவைத்துச் சொன்ன பிறகு எங்களுக்கு இந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்தது. ஒன்று மட்டும் கவனம்: நின்ற இடத்திலேயே ரீஜென் போடும்போது சைலன்சர் அடியில் காய்ந்த புல், சருகு, எண்ணெய்த் துணி இருக்கக்கூடாது.

டவுன் பஸ்ஸுக்கு டீசலே வேண்டாம் என்று யோசித்தது இன்று நேற்று இல்லை. டெல்லி பஸ்களை எல்லாம் 2001 மார்ச் 31-க்குள் சிஎன்ஜிக்கு மாற்றவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1998-லேயே உத்தரவு போட்டது. கெடு வந்தபோது பாதி வண்டி தயாராக இல்லை, பஸ் இல்லாமல் மக்கள் அல்லாடினார்கள். முடிய 2002 கடைசி ஆனது. இப்போது ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிய நகரப் பேருந்துகள் 2035 முதல் முழுக்கப் புகையில்லாததாக இருக்கணும் என்று சட்டமே வந்துவிட்டது. மின்சார பஸ் வந்தால் பணிமனையில் பாதிப் பேருக்கு வேலை இருக்குமா என்பது எங்கள் தனிக் கவலை, அதை இங்கே இழுக்கவில்லை.

நாசில்காரர்

பர்மிட்ராஜா கேட்டது நியாயமான கேள்வி. எனக்கும் அதில் கோபம் உண்டு. ஆனால் கோபம் விதியின் மேல் இல்லை, சோதிக்கிற முறையின் மேல்.

புகைச் சான்றுக்கு என்ன செய்கிறார்கள்? வண்டியை நிற்கவைத்து, நியூட்ரலில் ஆக்சிலேட்டரை அழுத்தி, புகையின் ஊடே ஒளி எவ்வளவு போகிறது என்று பார்க்கிறார்கள். பிஎஸ்4-க்கு 1.62, பிஎஸ்6-க்கு 0.7 என்று வரம்பு. அது கறுப்பை அளக்கிற கருவி. டீசல் வண்டிக்கு அந்தச் சோதனையில் நாக்ஸ் என்ற பேச்சே இல்லை. எஸ்சிஆரைக் கழற்றிப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டு வந்தாலும் அந்த மெஷின் பாஸ் என்றுதான் அடிக்கும். பாக்ஸ் வியாபாரம் நடப்பதே இந்த ஓட்டையில்தான்.

ஓட்டையைத் தேடிப் பிடிப்பது லாரிக்காரர்கள் மட்டும் இல்லை என்பதற்கு ஒரு பழைய கதை. அமெரிக்காவில் தொண்ணூறுகளில் பெரிய லாரி எஞ்சின் தயாரிப்பாளர்கள் ஏழு பேர் கம்ப்யூட்டரில் ஒரு வேலை செய்து வைத்திருந்தார்கள். சோதனைக்கூடத்தில் ஓட்டும்போது நாக்ஸ் அடக்கமாக இருக்கும். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் ஓட ஆரம்பித்ததும் டைமிங் முன்னே நகர்ந்து, டீசல் மிச்சம், நாக்ஸ் எகிறும். சுமார் 13 லட்சம் எஞ்சின்கள். 1998-ல் பிடிபட்டு 8.34 கோடி டாலர் அபராதம் கட்டினார்கள். இன்று பாக்ஸ் செய்வதை அன்று கம்பெனியே செய்துகொடுத்தது, வித்தியாசம் அவ்வளவுதான்.

அதிலிருந்து பாடம் படித்துத்தான், சோதனைக்கூடத்தோடு விடாமல் வண்டியில் கருவியைக் கட்டி ரோட்டில் ஓட்டி அளக்கவேண்டும் என்று கொண்டுவந்தார்கள். யூரோ 6 லாரிக்கு அது கட்டாயம். கார்களுக்கு அப்போது அது கிடையாது. விளைவு என்ன தெரியுமா? ஐசிசிடி என்ற ஆய்வு அமைப்பு 2017-ல் ஒப்பிட்டுக் காட்டியது: ஐரோப்பாவில் ரோட்டில் ஓடும்போது ஒரு கிலோமீட்டருக்கு டீசல் கார் விட்ட நாக்ஸ், யூரோ 6 லாரியும் பஸ்ஸும் விட்டதைவிட இரண்டு மடங்குக்கு மேல். இத்தனைக்கும் லாரி எஞ்சின் எவ்வளவு பெரிது! வரம்பு எண் மட்டும் காற்றைச் சுத்தமாக்கிவிடாது, ரோட்டில் அளக்கிறவன் இருக்கணும். நம் ஊரிலும் 2023 ஏப்ரலிலிருந்து, பிஎஸ்6 இரண்டாம் கட்டம் என்கிறார்களே, அதில் ரோட்டு அளவீடு வந்தாகிவிட்டது. ஆனால் அது கம்பெனிக்கான சோதனை. உங்கள் கைக்கு வண்டி வந்து வருடங்கள் ஓடிய பிறகு, டோல்கேட்டில் நிற்கும்போது, நாக்ஸை யாரும் பார்ப்பதில்லை.

ஐரோப்பாவில் சில இடங்களில் ஓடுகிற லாரியின் பின்னாலேயே அளவுக்கருவி வைத்த வண்டியை ஓட்டிப்போய், புகை வாலை உறிஞ்சி அளந்து, நாக்ஸ் எகிறுகிற லாரியை ஓரங்கட்டிச் சோதிக்கிறார்கள். பாக்ஸ் மாட்டியவர்கள் அதில் சிக்குகிறார்கள். இங்கே அப்படி வந்தால் நான்தான் முதலில் கைதட்டுவேன்.

பழைய வண்டி விஷயத்தில் இன்னொன்றும் சொல்லணும். வண்டியை மட்டும் மாற்றி இதைச் செய்திருக்க முடியாது, எரிபொருளும் மாறவேண்டியிருந்தது. பிஎஸ்4 டீசலில் கந்தகம் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு), பிஎஸ்6 டீசலில் 10. கந்தகம் வினையூக்கிக்கு விஷம். அதைக் குறைக்காமல் எஸ்சிஆர், டிபிஎஃப் வைத்திருந்தால் சீக்கிரமே செத்திருக்கும். அமெரிக்காவிலும் 2007 எஞ்சின் விதிக்கு முன்னால், 2006-லேயே 500 பிபிஎம்மிலிருந்து 15-க்கு இறக்கினார்கள். அந்தச் சுத்தமான டீசலை உங்கள் பிஎஸ்3, பிஎஸ்4 வண்டிகளும்தான் குடிக்கின்றன. கந்தகத்தால் வருகிற துகள் அவற்றிலும் குறையும். பெரிய மாற்றம் என்று சொல்லமாட்டேன். ஆனால் ராஜா சொல்கிற மாதிரி பழையது முழுக்க இருந்த இடத்திலேயே நிற்கவும் இல்லை.

எஃப்சி எப்படிப் பாஸ் ஆகிறது என்பதில் ராஜாவோடு எனக்குச் சண்டை இல்லை.

மூணுவண்டி

எல்லோருக்கும் நன்றி. ராஜா அண்ணன் கேட்டது என் மனதில் இருந்ததையேதான்.

நாசில்காரர் அண்ணன் சொன்னபடி சென்சார் மாற்றுவதை நிறுத்திவைத்து, வேறு பட்டறையில் காட்டினேன். ரிஃப்ராக்டோமீட்டரில் யூரியா 32-க்குப் பக்கத்தில்தான் காட்டியது, அதில் குறை இல்லை. வயல் யூரியா சத்தியமாக ஊற்றவில்லை. நாசிலைக் கழற்றினால் ஒரு பக்கம் முழுக்க வெள்ளையாகக் கட்டியிருந்தது, பீய்ச்சல் ஒரு பக்கமாகச் சாய்ந்து குழாய்ச் சுவரில் அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. சுத்தம் செய்து மாட்டி, லோடோடு ஓட்டிக்கொண்டே ஸ்கேனரில் பார்த்தோம். முன் சென்சார் ஒழுங்காக ஏறி இறங்குகிறது. பின் சென்சார்தான் எப்போது பார்த்தாலும் ஒரே எண்ணில் நிற்கிறது. அதை மட்டும் மாற்றச் சொல்கிறார்கள். சரிதானா?

அப்புறம், யூரியா கேன் மொத்தமாக வாங்கினால் விலை குறைகிறது. ஷெட்டில் தகரக் கூரைக்கு அடியில் அடுக்கி வைத்திருக்கிறோம். அது பரவாயில்லையா?

நாசில்காரர்

எஞ்சின் வேகம் மாறும்போதும் ஒரே எண்ணில் நிற்கிறது என்றால் பின் சென்சார் போய்விட்டது, மாற்றிவிடுங்கள். மாற்றுவதற்கு முன் கனெக்டரைக் கழற்றி உள்ளே தண்ணீரோ பச்சைப் பூப்போ இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். சில சமயம் ஒயர்தான் குற்றவாளியாக இருக்கும். புதியது போட்டபின் ஸ்கேனரில் டோசிங் டெஸ்ட் ஓட்டி, பீய்ச்சல் நேராக விழுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் வெள்ளைக் கட்டி மறுபடி வரும்.

கேன் விஷயத்தில் தகரக் கூரை வேண்டாம். 25 டிகிரிக்குள் வைத்தால் ஒன்றரை வருடம் தாங்கும். 30 என்றால் ஒரு வருடம், 35 என்றால் ஆறு மாதம்தான். தகரத்துக்கு அடியில் மே மாதம் 35-ல் நிற்குமா என்ன? தரையோடு தரையாக, வெயில் படாத அறையில் வையுங்கள். மூன்று வண்டியில் யூரியா குடிப்பது எத்தனை என்று பார்த்து வாங்குங்கள். பிஎஸ்4-லேயே சில கம்பெனி எஸ்சிஆர் வைத்தது, சில கம்பெனி இஜிஆரோடு (வெளியேறும் புகையில் கொஞ்சத்தைத் திருப்பி எஞ்சினுக்குள் விடுவது) சமாளித்தது, உங்களுடையது எது என்று தெரியவில்லை. பிஎஸ்6 ஒன்றுதான் என்றால் 100 லிட்டர் டீசலுக்குச் சுமார் 5 லிட்டர் யூரியா என்று வைத்துக்கொண்டு, இரண்டு மூன்று மாதத்துக்கு மேல் ஸ்டாக் வைக்கவேண்டாம். வாங்கும்போது கேன் மேல் தயாரித்த தேதியையும், 22241 என்ற ஐஎஸ்ஓ எண்ணையும் பாருங்கள்.

டெப்போ ஷிஃப்ட்

திறந்த கேனில் புனல் வைக்கும்போது டீசல் ஊற்றிய புனலை எடுக்கவேண்டாம் என்று டிரைவரிடம் சொல்லிவையுங்கள். எங்கள் டெப்போவில் யூரியாவுக்கென்று நீலப் பெயின்ட் அடித்துத் தனியாக வைத்திருக்கிறோம்.